பத்தாயிரம் ரூபாயும் பாலாறும்: கரையோரத் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வாணியம்பாடியில் தொடங்கி ஆம்பூர், அணைக்கட்டு, வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, காஞ்சிபுரம், உத்திரமேரூர், செங்கல்பட்டு என்று பாலாறு போகிற வழியில் இருக்கும் தொகுதிகளுக்கு நீங்கள் உறுப்பினர்கள். யார் எந்தக் கட்சி என்று பார்த்து இதை எழுதவில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல்தான்.

என் பிழைப்பு மனு எழுதிக் கொடுப்பது. தாலுகா ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. முன்பு டைப்ரைட்டர், இப்போது லேப்டாப்பும் சின்ன பிரிண்டரும். பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று பத்தொன்பது வருடமாக அடுத்தவர்களுக்காக எழுதுகிறேன். அதில் ஒரு மனு மட்டும் மாறுவதே இல்லை. "ஐயா, எங்கள் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி நாற்றம் அடிக்கிறது. குடிக்கவோ பயிருக்குப் பாய்ச்சவோ முடியவில்லை. தக்க நடவடிக்கை எடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." இந்த மூன்று வரியைத் தனி ஃபைலாகவே வைத்திருக்கிறேன். பெயர், சர்வே எண், தேதி மூன்றையும் மாற்றினால் போதும், மனு தயார். இன்று முதல்முறையாக எனக்காக எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆற்றங்கரையில் ஒன்றே முக்கால் ஏக்கர் நிலம். பாலாற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடி நானும் பார்த்ததில்லை, என் அப்பாவும் பார்த்ததில்லை. ஆனால் மேலே மணலாகக் கிடந்தாலும் கீழே ஆறு ஓடிக்கொண்டேதான் இருந்தது. என் ஆயா ஆற்றில் இறங்கி முழங்கை ஆழத்துக்கு மணலைத் தள்ளி ஊற்றுப் பறிப்பாள். கலங்கல் தெளியக் கொஞ்ச நேரம் காத்திருந்து, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவாள். ஊர் முழுக்கக் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். கிணறும் அப்படியே. ஆற்று ஊற்று உள்ளே வந்ததால் சித்திரையிலும் நாலு ஆள் உயரத் தண்ணீர் நிற்கும். நெல், வேர்க்கடலை, வரப்போரம் பதினாறு தென்னை.

அந்தக் கிணறு ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. முதலில் சோறு வடித்தால் மஞ்சளடித்தது. பிறகு துணியில் சோப்பு நுரைக்கவில்லை. பிறகு வரப்பில் தண்ணீர் காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. கடைசியாக மாடு. தொட்டியில் ஊற்றிய தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. "மாடே வேணாம்னு சொல்லிடுச்சு, இனிமே மனுசனுக்கு எதுக்கு" என்று ஆயா சொன்னாள். அன்றைக்குத்தான் அப்பா கயிற்றையும் வாளியையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். தென்னைகள் அதற்குப் பிறகும் சில வருடம் நின்றன. குரும்பை உதிர்ந்து, மட்டை தொங்கி, ஒவ்வொன்றாகப் போயின.

கிணற்றைக் கெடுத்தது தோல் ஆலைகளின் கழிவுநீர். தோலைப் பதப்படுத்தும் விதத்தை நீங்கள் அறியாதவர்கள் அல்ல. இருந்தாலும் சொல்கிறேன், சட்டம் எங்கே வழுக்குகிறது என்பது அதில்தான் புரியும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவி வருகிறது. ஷாப்பில், அதாவது தோல் ஆலையில், முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. அடுத்தது சுண்ணாம்பு போட்டு மயிர் நீக்குவது, அதற்கும் அடுத்தது பதனிடுவது. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். 1970-களில் அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலாக அனுப்பச் சொல்லித் தூண்டியது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. பட்டைக்குப் பதில் குரோமியம் போட்டுப் பதனிடுவது இங்கே பெருகியது அதன் பிறகுதான். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் சுமார் 170 வகை வேதிப்பொருள் என்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. அத்தனையும் கழுவிய தண்ணீர் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். குரோமியத்தைக்கூடப் பெருமளவு பிரித்துவிடலாம். உப்பைப் பிரிப்பதுதான் கடினம், செலவு அதிகம். உப்புக்கு நிறமில்லை, வாசனையில்லை. மண்ணுக்குள் போனால் திரும்பி வருவதும் இல்லை.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசான் உத்தின், கே. வெங்கடசுவாமி மூவரும் தீர்ப்புச் சொன்னார்கள். நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைப் பாடமாக நடத்துகிறார்கள். கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். கெடுத்தவர் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுப்பதோடு கெட்டதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும். இவை இரண்டும் இந்த நாட்டின் சட்டம் என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் கெட்டுவிட்டது என்ற ஆய்வையும் எடுத்துச் சொன்னது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிக்கல்லில் எங்கள் ஆற்றின் பெயர் இருக்கிறது. அதை நினைக்கும்போது இப்போதும் எனக்குப் பெருமைதான்.

அதே தீர்ப்பில் ஒரு தொகை வருகிறது. தொழிற்சாலை ஒன்றுக்கு அபராதம் பத்தாயிரம் ரூபாய். இந்தத் தொகையைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் சொன்னபடி சூழலியல் இழப்பீட்டு ஆணையம் அமைந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். 2001 மார்ச் 7-இல் ஆணை வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். பணம் கட்ட வேண்டியவை 547 தொழிற்சாலைகள். மொத்தத் தொகை சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். கேட்கப் பெரிய தொகைதான். ஒரு நாள் மதியம் ஆள் வராத நேரத்தில் கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தேன். ஒருவருக்குச் சராசரியாக 9,187 ரூபாய் வந்தது. கை தப்பாகப் பட்டுவிட்டதோ என்று மறுபடியும் போட்டேன். அதேதான். நீர், நிலம், மரம், மாடு, அடுத்த தலைமுறையின் விளைச்சல் என எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் கீழே.

எங்கள் வீட்டுக்கு வந்தது எட்டாயிரத்துச் சொச்சம். அது வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. அவர் பெயரில் இருந்த தொகையை வாங்க வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். மற்றவர்களுக்கு நான் எத்தனையோ முறை எழுதிக் கொடுத்த மனுவை என் அம்மாவுக்காக எழுதினேன். ஏழு முறை ஓர் அலுவலகத்துக்கு நடந்தோம். ஒரு முறை சர்வே எண்ணில் உட்பிரிவு விடுபட்டிருக்கிறது என்றார்கள், மறுமுறை அப்பாவின் இனிஷியல் பட்டாவில் ஒன்றும் ஆணையில் ஒன்றுமாக இருக்கிறது என்றார்கள். செக் கைக்கு வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். மறுநாள் போர் போட ஆளைக் கூப்பிட்டோம். முந்நூறு அடிக்கு அவன் சொன்ன தொகையில் பாதிக்குக்கூட அந்தப் பணம் காணவில்லை. எங்கள் தெருவில் நிலம் இல்லாதவர்கள் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. அவர்களும் அதே ஊற்றில்தான் குடித்தார்கள்.

இப்படி ஆணை போட்டும் பணம் போய்ச் சேராதவர்கள் எத்தனையோ பேர். வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று சுற்றியது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் இருவரும் தீர்ப்பளித்தார்கள். நிலுவையில் உள்ள இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட வேண்டும், பிறகு கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும், அதில் பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். ஈட்டுத்தொகை கட்டியதோடு பொறுப்பு தீர்ந்துவிடாது, சேதம் சரியாகும் வரை தொடரும். அந்தத் தீர்ப்பை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். மனு எழுத வந்த ஒரு பெரியவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எம்பேரு எந்தப் பக்கத்துலம்மா இருக்குது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நீதிமன்றம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். தாமதமாகச் செய்தாலும் செய்தது. மீதி இருப்பது சட்டமன்றத்தின் வேலை.

தண்ணீர் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் வருகிறது. அதனால்தான் 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் தானாக இயற்ற முடியவில்லை. சில மாநிலச் சட்டமன்றங்கள் கேட்டுக்கொண்டு தீர்மானம் போட்ட பிறகு, 252-ஆம் உறுப்பின் கீழ் இயற்றியது. மற்ற மாநிலங்கள் பின்னால் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டன. சட்டத்தைத் திருத்தினாலும் இதே வழிதான். 2024-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. திருத்தம் முதலில் நடப்புக்கு வந்தது இமாச்சலப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் யூனியன் பிரதேசங்களிலும்தான். மற்ற மாநிலங்களுக்கு அது வர வேண்டும் என்றால் அந்தந்தச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதாவது, நீங்கள் கை தூக்க வேண்டும்.

அந்தத் திருத்தத்தில் என்ன இருக்கிறது? பழைய சட்டப்படி ஆற்றிலோ கிணற்றிலோ கழிவைக் கலந்தால் ஒன்றரை வருடம் முதல் ஆறு வருடம் வரை சிறை, கூடவே அபராதம். திருத்தம் அந்தச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டது. அதற்குப் பதில் பணம். மேல் வரம்பு 15 லட்சம். கீழ் வரம்பு பத்தாயிரம் ரூபாய்.

1996-இல் நீதிமன்றம் போட்ட அதே பத்தாயிரம். அந்த வருடம் பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பவுன் எடுக்கலாம். 2024-இல் அதே பணத்துக்குக் கால் பவுன்கூட வராது. பவுனின் விலை இருபத்தெட்டு வருடத்தில் எங்கேயோ போய்விட்டது, ஆற்றைக் கெடுப்பதன் விலை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கழிவின் அளவைக் காட்டும் கருவியைச் சேதப்படுத்தினாலும், அதன் அளவீட்டை மாற்றினாலும் இதே பத்தாயிரம் முதல் 15 லட்சம்தான். தண்டத்தைத் தீர்மானிப்பவர் நீதிபதி அல்லர், ஒன்றிய அரசின் இணைச் செயலாளர் அல்லது மாநில அரசின் செயலாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி. சில வகைத் தொழிற்சாலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணையே தேவையில்லை என்று விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் ஒன்றிய அரசுக்குத் திருத்தம் கொடுக்கிறது. இது மாநில உரிமையைப் பேசுகிற உங்கள் எல்லோருக்கும் உறுத்த வேண்டிய இடம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்டத்தைக் கட்டாவிட்டால் மூன்று வருடம் வரை சிறை என்று திருத்தத்தில் இருக்கிறது. இசைவாணை வாங்காமல் ஆலை நடத்தினால் சிறை என்பதும் போய்விடவில்லை. "பழைய சட்டத்தில் சிறை என்று எழுதியிருந்தும் யார் உள்ளே போனார்கள்? கிரிமினல் கோர்ட்டில் இருபது வருடம் இழுப்பதைவிட உடனே பணத்தை வசூலிப்பது மேல் இல்லையா?" என்று எங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது: பணம் வசூலிக்கச் சிறையை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. 2025 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், இப்போதுள்ள சட்டத்தின் 33-ஏ பிரிவின் கீழேயே வாரியங்கள் சேதத்தைச் சரிசெய்யும் தொகையை விதிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. கெட்டது எவ்வளவோ அவ்வளவு. பத்தாயிரத்தில் தொடங்க வேண்டும் என்ற கணக்கு அங்கே இல்லை. வழி திறந்திருக்கும்போது திருத்தம் எதற்கு? இரவில் குழாயைத் திறந்துவிடத் துணிகிற ஒருவருக்குப் பத்தாயிரம் என்பது டீசல் செலவு மாதிரி ஒரு செலவு. கைது என்ற சொல் அப்படிக் கணக்கில் எழுதிவிடக்கூடியது அல்ல.

அதனால் என் முதல் வேண்டுகோள் இதுதான். 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தமிழ்நாட்டுக்கு ஏற்கும் தீர்மானத்துக்கு நீங்கள் யாரும் கை தூக்க வேண்டாம்.

இரண்டாவது, பாட்டிலைப் பற்றி. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கழிவுநீர் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்கிறது. அதிகாரி நேரில் வந்து, ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் கேட்டால் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த முறையில் ஒன்று தவறினாலும் அந்த ஆய்வு முடிவு சாட்சியம் ஆகாது. 1974-க்கு இது நியாயமான பாதுகாப்பு. அப்பாவி ஒருவர் மாட்டிவிடக் கூடாது அல்லவா? ஆனால் எங்கள் பக்கம் தண்ணீர் எப்போது கெடுகிறது தெரியுமா? மழை பிடித்த ராத்திரியில், இரண்டு மணிக்கு மேல். காலையில் ஆற்றில் நுரை மிதக்கும். பத்து மணிக்கு யாராவது போன் போட்டு, பதினோரு மணிக்கு யாராவது பாட்டிலோடு வந்தால், மழைத் தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருக்கும். பாட்டிலில் விழுவது நல்ல தண்ணீர். முத்திரையும் சரியாக இருக்கும், முடிவும் சரியாக இருக்கும்.

இதற்கு மாற்று வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. அதிகம் மாசுபடுத்தும் 17 வகை ஆலைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவின் தன்மையை இடைவிடாமல் அளந்து இணையம் வழியாக அனுப்பும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. அதில் தோல் ஆலைகளும் உண்டு. 2017-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ராத்திரி இரண்டு மணிக்கும் அந்தக் கருவி விழித்திருக்கும். ஆனால் 21-ஆம் பிரிவுக்குப் பாட்டிலைத்தான் தெரியும், கருவியைத் தெரியாது. ஒரு கொலை வழக்கில் சிசிடிவி பதிவைச் சான்றிதழோடு கொடுத்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் பார்க்கிறது. ஆற்றைக் கொன்ற வழக்கிலும் அந்த வசதி வேண்டும். கருவியின் பதிவு எந்த நிபந்தனைகளோடு சாட்சியமாகும் என்று சட்டத்தில் எழுதச் சொல்லி நாடாளுமன்றத்தைக் கேட்கும் தீர்மானத்தை நீங்கள் கொண்டுவரலாம். கை தூக்குவதாக இருந்தால் அதற்குத் தூக்குங்கள்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. அந்தக் கருவிகளின் எண்களை எங்களுக்குப் புரிகிற தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில், நாள்தோறும் போடச் சொல்லுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டரை நான் போன வருடம் வாங்கினேன். எங்கள் பழைய கிணற்றில் வாளி விட்டு எடுத்து, அதன் முனையை நனைத்தேன். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எண் ஏறிக்கொண்டே போய் 2,000-ஐத் தாண்டித்தான் நின்றது. பக்கத்து வீட்டுப் பையன் எட்டாவது படிக்கிறான். அவனே படித்து, "அக்கா, இது ஃபெயிலு" என்றான். எட்டாவது படிக்கிற பிள்ளைக்குப் புரிகிற எண் அது. அதை ஊரே பார்க்கலாம் என்றால் ஏன் காட்டவில்லை என்று கேட்கும் தைரியமும் ஊருக்கு வரும்.

மூன்றாவதாக ஆட்களைப் பற்றி எழுத வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பாதிப் பொய்யாகிவிடும். என் தங்கை ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறாள். கம்பெனி பஸ் காலை ஆறரைக்கு வரும். அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் காலேஜ் போகிறார்கள். எங்கள் ஊரில் பத்து வீட்டில் ஆறு வீட்டுக்குத் தோல் அல்லது ஷூதான் சோறு. தோல் தொழில் வேண்டாம் என்று நான் எழுதினால் முதலில் என் தங்கையே என்னிடம் சண்டைக்கு வருவாள். நான் கேட்பது தொழிலை மூடுவதை அல்ல. சுத்திகரிப்புக்கு உண்மையாகச் செலவு செய்கிற முதலாளியும் இங்கே இருக்கிறார். அவர் ஒரு தோலுக்கு ஆகும் செலவைக் கூட்டி விலை சொல்கிறார். ராத்திரியில் திறந்துவிடுகிறவர் அதைவிடக் குறைத்து விலை சொல்லி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போகிறார். பத்தாயிரம் ரூபாய்ச் சட்டம் யாரைக் காப்பாற்றும் என்று நீங்களே பாருங்கள்.

2015 ஜனவரி 31 விடிவதற்கு முன் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அடியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஆற்றைக் காப்பதற்கென்று கட்டிய இடத்திலேயே அந்தச் சாவு நடந்தது. கண்காணிப்புக் குழுவில் மக்கள் பிரதிநிதிகள் என்று நீதிமன்றம் சொன்னதில், நிலம் வைத்திருந்தவர்களோடு நிலமில்லாமல் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கும், தொட்டிக்குள் இறங்குகிறவர்களுக்கும் இடம் கேளுங்கள். 2001-இல் விடுபட்டவர்கள் அவர்கள்தான்.

ஆந்திரத்தில் பாலாற்றின் குறுக்கே தடுப்பணை உயர்ந்தால் உங்கள் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசுகின்றன. 2016-இல் புல்லூர் அணையை உயர்த்தியபோது நான் அதைக் கண்ணால் பார்த்தேன். மேடை மேடையாகப் பேசினீர்கள், சரியாகவே பேசினீர்கள். வர வேண்டிய தண்ணீருக்காக எழுகிற அந்தக் குரல், இருக்கிற தண்ணீர் கெடுவதைப் பற்றி மட்டும் ஏன் தணிந்துவிடுகிறது? 2021 நவம்பரில் லட்சம் கனஅடிக்கு மேல் வெள்ளம் வந்தது. வாணியம்பாடியை 1903-இல் அழித்த வெள்ளத்துக்குப் பிறகு இப்படி வந்ததில்லை என்றார்கள். கரையில் நின்று கும்பிட்டோம், மஞ்சள் குங்குமம் போட்டோம். ஆற்று மணலெல்லாம் கழுவிவிட்டது, கிணறு இனிக்கும் என்று அம்மா நம்பினாள். ஆறு மாதம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. பிறகு பழையபடி. மண்ணுக்குள் இறங்கிய உப்பு ஒரு வெள்ளத்தில் போகவில்லை. இனி மழை இன்னும் தாறுமாறாக வரும் என்கிறார்கள். தட்பவெப்ப மாற்றத்தின் கேட்டிலிருந்து காக்கப்படுவது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெரிய வார்த்தை. எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம் சின்னது: வறட்சி வருடத்தில் குடிக்க நிலத்தடியில் இருப்பதாவது நல்லதாக இருக்க வேண்டும்.

இழப்பீட்டுக் கணக்கைப் பற்றி ஒரு வரி. 2001-இன் தொகையை 2025-இல் கொடுப்பது கொடுத்ததாகாது. ஆணைக்கும் பட்டுவாடாவுக்கும் நடுவே போன வருடங்களுக்கு வட்டி உண்டா, இறந்தவர்களின் வாரிசுகளுக்கு ஊரிலேயே முகாம் போட்டுக் கொடுப்பார்களா என்று சபையில் கேள்வி எழுப்புங்கள். பதில் எழுத்தில் வரும், சபைக் குறிப்பில் ஏறும். பெயர்ப் பட்டியலை ஊராட்சிவாரியாக ஒட்டினால் அந்தப் பெரியவருக்குத் தன் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். முகாமில் மனு எழுத ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். காசு வேண்டாம்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடும். உங்கள் தொகுதியில் ஆற்றங்கரை ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அன்று வந்து தரையில் எங்களோடு உட்காருங்கள். எங்கள் ஊருக்கு வருவதானால் கூட்டம் பதினோரு மணிக்கு, பள்ளிக்கூட வளாகத்தில். பின்பக்க வேலியைத் தாண்டி நூறு அடி நடந்தால் எங்கள் கிணறு. கயிறும் வாளியும் மறுபடி கட்டி வைத்திருப்பேன், மீட்டரில் புது பேட்டரி போட்டிருப்பேன். நீங்களே மொண்டு, நீங்களே நனைத்து, அந்த எண்ணை நீங்களே சபையில் படிக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அதை நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரையிலிருந்து,
மனு எழுதிக் கொடுக்கும் ஒருத்தி